நீர்மின் நிலையத்தில் ஷிப்ட் ஆபரேட்டருக்கு என்ன வேலை?
தன் ஷிப்ட் முடியும்வரை டர்பைனையும் ஜெனரேட்டரையும் கண்காணித்து, தேவைக்கேற்ப ஓட்டி நிறுத்துபவர்தான் ஷிப்ட் ஆபரேட்டர். இரவு பகலாக ஆள் எதற்கு? மின்பாதையில் மின்சாரத்தைத் தேக்கி வைக்க முடியாது, பயன்பாடு கூடும் நொடியிலேயே உற்பத்தியும் கூட வேண்டும், இல்லையென்றால் டர்பைனின் வேகம் குறைந்து, மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை ஊசலாடுகிறது என்பதைச் சொல்லும் 50 ஹெர்ட்ஸ் (சில நாடுகளில் 60) அதிர்வெண் இறங்கத் தொடங்கிவிடும். மேட்டில் சைக்கிளின் வேகம் குறையாமலிருக்க அழுத்தி மிதிக்கிறோமே, அதேபோல டர்பைனைச் சுற்றியுள்ள கைடு வேன் தகடுகள் இன்னும் அகலமாகத் திறந்து கூடுதல் தண்ணீரை உள்ளே விடும்.

எல்லாம் தானியங்கி, ஆபரேட்டர் சும்மா உட்கார்ந்திருப்பார் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை: தகடுகளை அசைப்பது டர்பைனின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் கருவிதான், ஆனால் பேரிங் சூடு மெல்ல ஏறுவதையும் எங்கோ எண்ணெய் கசிவதையும் சுற்றிவந்து கவனித்து, பதிவேட்டில் குறித்து, இயந்திரத்தை இப்போதே நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அவர்தான்.