1500ஆ, 1950ஆ?

கேள்வி: ஒரு செயலி தினமும் 1500 கலோரி போதும் என்கிறது, இன்னொன்று 1950 என்கிறது. எதை நம்புவது? நான் பெண், வயது 35, எடை 60 கிலோ, உயரம் 160 செ.மீ.

பதில்: இரண்டும் ஒரே கணக்கிலிருந்து வந்திருக்கலாம். உடலின் கலோரித் தேவையைக் கணிக்கும் மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரப்படி எடையை 10ஆலும் உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்டி, அதில் வயதின் 5 மடங்கையும், பெண் என்பதால் 161ஐயும் கழித்தால் 1264 வரும். சும்மா படுத்திருந்தாலே இதயமும் மூளையும் இயங்க உடல் செலவழிப்பது இது. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலையா? 1.2ஆல் பெருக்குங்கள், 1517. வாரத்தில் 3 முதல் 5 நாள் மிதமாக உடற்பயிற்சி செய்பவர் என்றால் 1.55ஆல், அதாவது 1959. பலர் தங்கள் உழைப்பைக் கூட்டித்தான் சொல்கிறார்கள், அங்கேதான் கணக்கு பிசகுகிறது. அப்புறம், எல்லாமே தோராயம்தான், அதனால் சில வாரம் அந்த அளவில் சாப்பிட்டு, எடையைக் கவனித்து, கலோரியை ஏற்றி இறக்குங்கள். கர்ப்பமோ சர்க்கரை நோயோ இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.