ஹவுஸ் மிக்ஸ் தொகுப்புகள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

ஹவுஸ் என்ற நடன இசைப் பாட்டுகளை டி.ஜே.க்கள் ஒன்றோடொன்று கோத்துத் தரும் மிக்ஸ் தொகுப்புகளை இருபது ஆண்டுகளாகக் கேட்டும் சேர்த்தும் வருகிறேன். நான் டி.ஜே. அல்ல, கேட்பவன் மட்டும். இன்று மாலை முழுவதும் இங்கே இருப்பேன். ஒன்றே ஒன்று: பாட்டு வரிசையைக் கலைத்துப்போடும் ஷஃபிளை அணைத்துவிட்டு வாருங்கள்.

ஹவுஸ் என்றால் வீடு. இசைக்கு ஏன் இந்தப் பெயர்?

சிகாகோவில் 1977இல் 'வேர்ஹவுஸ்' என்றொரு நடனக் கூடம் தொடங்கியது. அங்கே ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுகளை ஓட்டிய பாணிக்கு அந்தப் பெயரின் பின்பாதி ஒட்டிக்கொண்டது என்பதே பரவலான விளக்கம். ரோலண்ட் நிறுவனத்தின் டிரம் இயந்திரங்கள் மலிவாகக் கைக்கு வந்த பிறகு, 1980களின் நடுவில், அது தனி இசையாகவே பதிவாகத் தொடங்கியது. தொகுப்புகளைப் பற்றிக் கேளுங்கள்; வரலாறு இன்னொரு நாள்.

ஐயா, காரில் போட்டால் பாட்டுக்குப் பாட்டு ஒரு கணம் மௌனம் விழுகிறது. தட்டு கெட்டுவிட்டதா?

தட்டின் மேல் பழியில்லை. மிக்ஸ் தொகுப்பு என்பது எழுபது, எண்பது நிமிடம் அறுபடாமல் ஓடும் ஒரே ஒலி. தட எண்கள் வெறும் மைல்கற்கள். மைல்கல்லில் பஸ் நிற்பதில்லை. குறுந்தகட்டில் அது அப்படியே ஓடும். எம்பி3 ஆக்கும்போதுதான் வில்லங்கம். அந்த முறை ஒலியை ஒரே அளவுள்ள சிறு துண்டங்களாக வெட்டுகிறது. பாட்டின் கடைசித் துண்டம் நிரம்பவில்லை என்றால் மீதியை மௌனத்தால் நிரப்புகிறது. தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேர்கிறது. தனிப் பாட்டில் அது தெரியாது. ஓடும் தாளத்தின் நடுவில் விழுந்தால் படியில் கால் தவறியதுபோல் இருக்கும்.

உங்கள் ப்ளேயரில் இடைவெளியின்றி ஓட்டும் 'கேப்லெஸ்' வசதி இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் தட்டு முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்துவிடுங்கள். ஒரு பாட்டின் முடிவில் அடுத்ததன் தொடக்கத்தைக் கலக்கும் 'கிராஸ்ஃபேட்' என்ற வசதியை மட்டும் தொடாதீர்கள். டி.ஜே. ஏற்கெனவே தைத்த தையலை அது மடித்து மறுபடி தைக்கும். தாளம் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

ஷஃபிளில் கேட்டால் என்ன குறை? எனக்கு நன்றாகத்தானே இருக்கிறது?

நாவலை நடுப்பக்கம், கடைசிப் பக்கம், முதல் பக்கம் என்று படித்தாலும் தமிழ் நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டு பாட்டு சேரும் இடமே தெரியவில்லை. எப்படிச் செய்கிறார்கள்?

இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஹவுஸ் பெரும்பாலும் நிமிடத்திற்கு 120 முதல் 128 அடிவரை ஓடும். நாலுக்கு நாலு, ஒவ்வோர் அடிக்கும் ஒரு கிக் டிரம், அதாவது 'தும்' என்று விழும் பெரிய டிரம். முதல் வேலை இரண்டு பாட்டின் வேகத்தையும் ஒன்றாக்குவது. அது பயிற்சியில் வந்துவிடும். அடுத்தது இடம் பார்த்து நுழைப்பது. இந்தப் பாட்டுகள் 32 அடிகளுக்கு ஒருமுறை திரும்புகின்றன, ஆவர்த்தனம்போல. 120 வேகத்தில் அது சரியாக 16 நொடி. அந்தத் திருப்பத்தில் புதுப்பாட்டைத் தொடங்கினால் காது ஏற்றுக்கொள்ளும். நடுவில் தொடங்கினால், அடிகள் பொருந்தியிருந்தாலும், பேசுகிறவர் வாயில் இன்னொருவர் புகுந்ததுபோல் இருக்கும்.

மூன்றாவதுதான் நுட்பம். இரண்டு கிக் டிரம்மும் இரண்டு பேஸும், அதாவது அடித்தொனியும், சேர்ந்து ஒலித்தால் குழம்பிவிடும். ஆகவே புதுப்பாட்டின் அடித்தொனியைக் குறைத்து மேலே உள்ள சத்தங்களை மட்டும் முதலில் கசியவிடுவார்கள். பிறகு ஒரு திருப்பத்தில் பழைய பேஸை இறக்கி, புதியதை ஏற்றுவார்கள். அடுத்தமுறை கேட்கும்போது பேஸை மட்டும் பின்தொடருங்கள். தையல் அங்கேதான் இருக்கிறது.

இசைத்தட்டுப் பிரியர் கேட்கிறார்: இரண்டு டர்ன்டேபிள், ஒரு மிக்சர், ஒரே மூச்சு. அதுதான் மிக்ஸ். கணினியில் செய்வது ஒட்டுவேலை. ஒப்புக்கொள்கிறீர்களா?

இல்லை. டி.ஜே.க்கள் பயன்படுத்தும் டெக்னிக்ஸ் 1200 டர்ன்டேபிளில் வேகத்தை எட்டு சதவீதம் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் தட்டு வேகமாகச் சுழன்றால் சுருதியும் ஏறும். ஆறு சதவீதம் என்றால் கிட்டத்தட்ட அரைச்சுரம். தாளத்தைச் சேர்க்கப்போய் சுருதி விலகுகிறது. கணினியில் வேகத்தையும் சுருதியையும் தனித்தனியே பிடிக்கலாம். அப்படிப்பட்ட மென்பொருளான ஏபிள்டன் லைவ் 2001இல் வந்தது. 2004இல் டி.ஜே. சாஷா தன் 'இன்வால்வர்' தொகுப்பை அதில்தான் கட்டினார். அதை ஒட்டுவேலை என்றால் எனக்கு ஒட்டுவேலை பிடிக்கும்.

ஹெட்ஃபோன் எது வாங்கலாம்?

ஹெட்ஃபோன் வாங்கியவர்களைக் கேளுங்கள்.

மீண்டும் இசைத்தட்டுப் பிரியர்: அப்படியானால் எங்கே நிறுத்துவீர்கள்? 'ஃபேப்ரிக் 36' தொகுப்பில் டி.ஜே. ரிக்கார்டோ வில்லலோபோஸ் தன் சொந்தப் பதிவுகளையே கோத்தார். அதையும் மிக்ஸ் என்பீர்களா?

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். 2007இல் அது வந்தபோது நானும் முணுமுணுத்தேன். லண்டன் ஃபேப்ரிக் நடன விடுதியின் தொகுப்பு வரிசை 2001இல் கிரெய்க் ரிச்சர்ட்ஸின் தொகுப்போடு தொடங்கியது. பிறர் இசையைத் தேடிப்பிடித்து நமக்குக் காட்டுவதே அதன் வேலை என்று நினைத்திருந்தேன். வில்லலோபோஸ் அதை உடைத்தார். அதில் பொறுக்கி எடுத்தல் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எது எதன்பின் வரவேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு முழுக்க டி.ஜே.யின் கணக்கு. அரைவெற்றி உங்களுக்கு.

இன்னொருவர் குறுக்கிடுகிறார்: நேரடிப் பதிவில் வரும் சிறு பிழைதானே உயிர்?

நடன அரங்கில், ஆம். அடுத்த நிமிடமே மறந்துவிடும். வீட்டில் அப்படியில்லை. என்னிடம் ஒரு தொகுப்பு இருக்கிறது, யாருடையது என்று சொல்லமாட்டேன். ஓரிடத்தில் கிக் டிரம் இரண்டும் விலகி, ஏழெட்டு நொடி குதிரை நொண்டுவதுபோல் ஓடிப் பிறகு சேர்ந்துகொள்ளும். முதல்முறை சிரித்தேன். ஐம்பதாவது முறை அந்த இடம் வருவதற்கு முன்பே பல்லைக் கடிக்கிறேன்.

அண்ணா, அதே பாட்டுகளை அதே வரிசையில் பிளேலிஸ்ட் போட்டுவிட்டால் போதாதா?

போதாது தம்பி, தையல் வராது. வரிசைக்கு மதிப்பே இல்லை என்றும் நினைத்துவிடாதே. தன் தொகுப்புகளின் வரிசையைப் பயனர்கள் பிளேலிஸ்ட்டாக நகலெடுக்கிறார்கள் என்று மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட் என்ற இசை நிறுவனம் 2013இல் ஸ்பாட்டிஃபை மேல் வழக்கே போட்டது. அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்தது.

நான் தேடும் பழைய தொகுப்பு எந்தச் செயலியிலும் இல்லையே?

ஒரு தொகுப்பில் இருபது பாட்டு என்றால் இருபது உரிமையாளர்கள் இருக்கலாம். அன்று வாங்கிய அனுமதி தட்டுக்கு மட்டும், அல்லது சில ஆண்டுகளுக்கு மட்டும். இன்று ஒருவர் மறுத்தாலும் நடுவில் ஓட்டை விழும். பழைய தட்டு கிடைத்தால் வாங்கிவிடுங்கள்.

ஒரு பாட்டு பிடிக்கவில்லை என்றால் தாண்டலாமா? ஷஃபிள் போட்டால்…

பழைய குருடி கதவைத் திறடி. மேலே படியுங்கள்.

இசைத்தட்டுப் பிரியர்: மீதி அரைவெற்றியையும் தந்துவிடுங்கள். ஏனென்றால்…

நாளை வாருங்கள், தருவதா என்று பார்க்கலாம். சாஷாவும் ஜான் டிக்வீடும் 1996இல் செய்த 'நார்தர்ன் எக்ஸ்போஷர்' இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் தட்டு முடிய இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது.