கல்லைப் பார்க்கக் கற்றுத்தருபவர்

கேள்வி: விடுமுறையில் பேரப்பிள்ளைகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம். சிற்பங்களை நாங்களே பார்த்தால் போதாதா, வழிகாட்டி அவசியமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: நல்ல வழிகாட்டி கிடைத்தால் தயங்காமல் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். 1851இல் தொடங்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில் ஆந்திராவிலுள்ள அமராவதி பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் உள்ளன. அவற்றுள் பழையவற்றில் புத்தரின் உருவம் இராது, வெறும் இருக்கையும் பாதச் சுவடுகளும் போதி மரமுமே அவரைக் குறிக்கும் என்பதை ஒருவர் எடுத்துச் சொல்லாவிட்டால், பிள்ளைகள் அந்தக் காலி இருக்கையைக் கவனிக்காமலே கடந்துவிடுவார்கள்.

செப்புத்திருமேனிக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன் மட்டும் கால் மணி நேரமாவது நில்லுங்கள். சிவனுக்குரிய வலப்பக்கம் இரண்டு கைகள், உமைக்குரிய இடப்பக்கம் ஒன்றே. இடை வளையும் இடத்தில் ஆண் உடல் பெண் உடலாக மாறுவதைப் பிள்ளைகளே விரல் நீட்டிக் காட்டட்டும் (தொடாமல்தான், கை வியர்வை உலோகத்தை அரிக்கும்). மெழுகில் உருவம் செய்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்து, பின் அந்த மண் அச்சை உடைத்தே சிலையை எடுப்பார்கள்; ஆகவே ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை பிறந்தது.

எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம். புறப்படுமுன் நம் கொங்கு நாட்டுப் புலிகுத்திக் கல் (புலியோடு போரிட்ட வீரனுக்கு எடுத்த நடுகல்) ஒன்றைக் காட்டுங்கள். பாயும் புலியை எதிர்த்து ஆயுதம் பாய்ச்சும் வீரனைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எழும்பூர்ச் சிற்பங்கள் அந்நியமாகத் தோன்றமாட்டா.