யாரும் மீட்டாத காந்தாரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் ராத்திரியானால் ஸ்பீக்கரில் ஏதோ போடுகிறான். ஒரு மணி நேரம் 'ம்ம்ம்' என்று ஒரே சத்தம். ராகமும் இல்லை, தாளமும் இல்லை. கேட்டால் "எலியான் ரதீக், அம்மா, ட்ரோன் மியூசிக்" என்கிறான். இதை இசை என்று சொல்ல முடியுமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: தாராளமாகச் சொல்லலாம் அம்மா. ட்ரோன் என்றால் நிற்காமல் நீளும் ஒரே நாதம், நம் தம்பூரா சுருதி மாதிரி. பக்கத்தில் யார் வீட்டிலாவது தம்பூரா இருந்தால் மந்தர ஷட்ஜக் கம்பியை (கீழ் ஸ்தாயி 'ஸ') மட்டும் மீட்டிவிட்டுக் குடத்தருகே காதை வையுங்கள். முதலில் 'ஸ' மட்டும்தான் கேட்கும். கொஞ்சம் பொறுத்தால் இரண்டு ஸ்தாயி மேலே ஓர் அந்தர காந்தாரம், அதாவது 'க' ஸ்வரம், மெல்ல எழுந்து வரும்.

என் அம்மா பாட்டு டீச்சர். காலை ஐந்து மணிக்கெல்லாம் சுருதி சேர்க்க உட்கார்ந்துவிடுவார். கம்பிகளைத் தாங்கும் குதிரைக் கட்டை மேல் கம்பிக்கடியில் இருக்கும் ஜீவாளி நூலை நகத்தால் மயிரிழை அளவு நகர்த்துவார். அதுவரை மந்தமாக இருந்த கம்பி சட்டென்று ரீங்கரிக்கும். ஏழெட்டு வயதில் அந்தக் குடத்தோடு காதை ஒட்டிப் படுத்திருந்தபோது, "யாரும்மா 'கா' பாடறது?" என்று கேட்டேன். "யாரும் பாடல, அது தானா வரும்" என்றார். சுயம்பு காந்தாரம் என்பது அதுதான். கம்பி முழுதாக அதிரும்போதே பாதியாகவும், மூன்றில், நான்கில், ஐந்தில் ஒரு பங்காகவும் அதிர்கிறது. அந்த ஐந்தாவது அதிர்வுதான் நம் காதில் காந்தாரமாக விழுகிறது.

கச்சேரியில் பாடகர் வாய் திறந்ததும் நம் காது அவரிடம் போய்விடும். தம்பூரா பின்னால் ஒதுங்கிவிடும். பாடகர் கடைசிவரை வரவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒலிக்குள் இருப்பதை மட்டும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். உங்கள் மகன் சொன்ன பிரெஞ்சு இசையமைப்பாளர் எலியான் ரதீக் தன் வாழ்நாளை அதற்கே கொடுத்தார்.

அவர் 1932ல் பாரிஸில் பிறந்தவர். இளம் வயதில் நீஸ் நகரில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தபோது, விமானங்களின் இரைச்சலை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் கேட்கப் பழகியிருக்கிறார். பிறகு பாரிஸில் பியர் ஷெஃபர், பியர் ஆன்றி இருவரிடமும் டேப் இசை, அதாவது டேப்பில் பதிந்த ஒலிகளைக் கொண்டே இசை செய்வது, கற்றார். 1970ல் நியூயார்க் போனவர், ஊர் திரும்பும்போது ஆர்ப் 2500 என்ற பெரிய சிந்தசைசரை (மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் கருவி) வாங்கிக்கொண்டு வந்தார். அதன் கீபோர்டை மட்டும் வேண்டுமென்றே அங்கேயே விட்டுவிட்டார்! கட்டைகள் கைக்கு எட்டினால் விரல் மெட்டைத் தேடிப் போகும், அதனால் இந்த முடிவு எனக்கு நன்றாகவே புரிகிறது. அந்த ஒரே கருவியோடு 2000ஆம் ஆண்டுவரை, ஏறக்குறைய முப்பது வருஷம் வேலை செய்தார்.

செய்த முறையும் லேசானதல்ல. ஒவ்வோர் ஒலியையும் நீளமாக டேப்பில் பதிவு செய்துகொள்வார். கடைசியில் ஒன்று மங்க மங்க இன்னொன்று எழும்படி, முழுப் படைப்பையும் ஒரே மூச்சில் கலப்பார். நடுவில் கை தவறினால் திரும்பவும் முதலிலிருந்து. 1974ல் 'அட்னோஸ்' என்ற படைப்பை முடித்த பிறகு திபெத்திய பௌத்தத்தில் ஈடுபட்டுச் சில வருஷம் இசையையே நிறுத்திவிட்டார். திரும்பி வந்து செய்தவற்றில் பெரியது 'ட்ரிலொஜி த லா மோர்', மரணத்தைப் பற்றிய மூன்று பகுதிகள், மொத்தம் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1993ல்தான் முடிந்தது. இடையில் 1989ல் அவருடைய மகன் விபத்தில் போய்விட்டார். இரண்டாம் பகுதியின் பெயர் 'கைலாஷா', நம் கைலாய மலைதான். அதைச் சுற்றி மனத்துக்குள் போகும் ஒரு யாத்திரை.

மகனிடம் 'கைலாஷா'வைப் போடச் சொல்லி, சத்தத்தைக் குறைத்து வைத்து, அவன் பக்கத்திலேயே இருபது நிமிடம் உட்காருங்கள். ஐந்தாம் நிமிடத்தில் கேட்டதும் இருபதாம் நிமிடத்தில் கேட்பதும் ஒன்றில்லை என்று தெரியும். எப்போது மாறியது என்று கேட்டால்தான் பதில் இருக்காது.

கேள்வி: மாடுலர் சிந்தசைசர் படத்தைப் பார்த்தால் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஒரே ஒயராக இருக்கிறது. சாதாரண கீபோர்டுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? (வாசகர், சேலம்)

பதில்: கடையில் வாங்கும் கீபோர்டில் எல்லாவற்றையும் உள்ளேயே இணைத்துத் தந்துவிடுவார்கள். மாடுலரில் ஒவ்வொன்றும் தனித்தனித் துண்டு. ரதீக்கின் ஆர்ப் 2500ம் இந்த வகைதான். ஒலியை உண்டாக்க ஆசிலேட்டர், அதைச் சீவ ஃபில்டர், ஏற்றி இறக்க ஆம்ப்ளிஃபையர். எதிலிருந்து எதற்குப் போக வேண்டும் என்பதை நீங்கள்தான் கேபிள் செருகிச் சொல்ல வேண்டும். 1960களின் நடுவில் அமெரிக்காவில் ராபர்ட் மூக், டான் புக்லா இருவரும் தனித்தனியாக இதைத் தொடங்கினார்கள். இன்று பெரும்பாலோர் வைத்திருப்பது யூரோராக். எந்தக் கம்பெனித் துண்டும் ஒன்றாகப் பொருந்தும்படி ஜெர்மனியின் டோப்ஃபர் கம்பெனி 1990களின் நடுவில் கொண்டுவந்த அளவு அது, பலகை உயரம் 128.5 மில்லிமீட்டர்.

கீபோர்டு கம்பெனிகளுக்குக் குறையாகத் தெரிந்த விஷயங்கள்தான் ட்ரோனுக்கு உயிர். ஓர் ஆசிலேட்டரை 110 ஹெர்ட்ஸிலும் (வினாடிக்கு 110 அதிர்வு) இன்னொன்றை 110.1லும் வையுங்கள். இரண்டும் ஒரே சுருதி என்றுதான் தோன்றும். ஆனால் பத்து வினாடிக்கு ஒருமுறை ஒலி பருத்து இளைக்கும், தூங்குகிறவர் மூச்சு மாதிரி. 110.05 என்றால் இருபது வினாடிக்கு ஒருமுறை. அப்புறம் ஃபில்டரின் குமிழை ஒரு நிமிடத்துக்கு ஒரு நூல் அளவு திருப்பினால் மேல் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். முதல் தடவை நான் அப்படித் திருப்பியபோது ஐந்தாவதாக வந்தது அம்மாவின் தம்பூராக் காந்தாரம்! கையைக் குமிழிலிருந்து எடுக்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு எச்சரிக்கை. அனலாக் ஆசிலேட்டர் சூட்டுக்குச் சுருதி விலகும். போட்டவுடன் சேர்க்காதீர்கள், அரை மணி நேரமாவது சூடேற விடுங்கள். மேலே ஃபேன் ஓடினால் அதற்கும் விலகும். பெரும்பாலான மாடுலருக்கு நினைவும் கிடையாது. போன சித்திரையில் நாலு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருந்தேன். மத்தியானம் கரண்ட் போய் வந்தது. கேபிள்கள் அப்படியேதான் இருந்தன, குமிழ்களையும் யாரும் தொடவில்லை, ஆனால் திரும்பி வந்தது அந்த ஒலியே இல்லை. இப்போதெல்லாம் பிடித்த ஒலி வந்ததும் முதல் வேலையாகப் பதிவு பட்டனை அழுத்திவிடுகிறேன்.

கேள்வி: இந்தியாவில் இதையெல்லாம் யாராவது செய்திருக்கிறார்களா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: 1969லேயே. அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்ஐடி) ஒரு மூக் மாடுலர் வந்து இறங்கியது. அதை நிறுவ அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் ட்யூடர் நேரில் வந்தார். பின்னணியில் இருந்தவர் கீதா சாராபாய். 1940களில் நியூயார்க்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு நம் சங்கீதம் சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு அவரிடம் மேற்கத்திய இசை கற்றவர். அவரோடு எஸ்.சி. சர்மா, ஐ.எஸ். மாதுர், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் அதில் வேலை செய்தார்கள். சில வருஷத்தில் அந்த ஸ்டூடியோ அடங்கிப்போனது. டேப்கள் மட்டும் காப்பகத்தில் கிடந்தன. பால் பர்கஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் தேடி எடுக்க, 2023ல் 'தி என்ஐடி டேப்ஸ்' என்று ஆல்பமாக வந்தது. இத்தனை வருஷம் நம் காதுக்கு எட்டாமல் போனதே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. அவசியம் கேளுங்கள்.

கேள்வி: செய்து பார்க்க ஆசை, கையில் பணம் இல்லை. (வாசகி, ராஜபாளையம்)

பதில்: பணமே வேண்டாம். 'விசிவி ராக்' என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, சாதாரண லேப்டாப்பில் ஓடும். திரையில் அதே பலகைகள், அதே கேபிள்கள். இரண்டு ஆசிலேட்டர், ஒரு மிக்சர், ஒரு ஃபில்டர் போதும். மேல் ஸ்வரங்கள் எல்லாம் கொண்ட ரம்பப்பல் வடிவ அலையை எடுத்து, மேலே சேலம்காரருக்குச் சொன்னபடி இரண்டையும் இம்மி விலக்கி வைத்து மிக்சர் வழியாக ஃபில்டருக்கு அனுப்புங்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் அடிநாதம் கேட்காது, ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். குமிழை மட்டும் அவசரப்பட்டுத் திருப்பாதீர்கள்.