நொய்ய மனம்

அன்புள்ள ஐயா,

என் சிறுகதையில் 'அழுது முடித்தபின் நொய்ய மனத்தோடு எழுந்தாள்' என்று எழுதியிருந்தேன். பாரம் இறங்கி மனம் லேசானதைச் சொல்லத்தான் அந்தச் சொல். படித்த நண்பர், 'நொய்ய என்றால் அற்பமான என்று பொருள், மாற்றிவிடு' என்கிறார். மிக மிக லேசான என்பதுதானே அதன் பொருள்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டு பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. எடை குறைந்ததை லேசு என்கிறோம்; அதில் குறை ஒன்றுமில்லை. நொய்யது என்றால் எடையோடு திடமும் போய்விட்டது. ஊதினால் பறக்கும், அழுத்தினால் நசுங்கும். அரிசியில் உடைந்து பொடிந்ததை நொய் என்கிறோமே, அதே நொய்தான்.

கம்பர் தம் ராமாயணத்தின் அவையடக்கத்தில், அதாவது நூல் தொடக்கத்தில் புலவர் பணிவு சொல்லும் பகுதியில், 'நொய்தின் நொய்ய சொல் நூற்கலுற்றேன்' என்கிறார். நொய்யதைவிடவும் நொய்ய சொல்லால் நூல் செய்யத் தொடங்கினேன் என்று பொருள். அதே பாட்டில் ராமன் விட்ட அம்பு ஏழு மராமரங்களைத் துளைக்கிறது. அந்தக் கதையை முதலில் பாடிய வான்மீகியின் சொல் நிலைத்து நிற்கிறது. இவற்றின் பக்கத்தில் தன் சொல்லை வைக்கிறார் கம்பர். 'எளிய சொல்' என்றிருந்தால் பணிவு மட்டும் தெரியும். 'நொய்ய' என்றதும், இது நிற்குமா என்ற அச்சமும் சேர்ந்துவிடுகிறது. பஞ்சைத் திரிப்பதும் நூற்றல்தான் அல்லவா? காற்றில் பறக்கக்கூடிய ஒன்றை முறுக்கி இழையாக்கும் வேலையை இந்த வரியில் நான் பார்க்கிறேன். உரைகளில் தேட வேண்டாம், இது என் வாசிப்பு.

மெல்லிய துணியைப் புகழ வேண்டுமென்றால் அதற்கு நுண்மை இருக்கிறது. சங்க நூலான பொருநராற்றுப்படை, இழை போகும் வழி கண்ணுக்குப் பிடிபடாத ஆடையை 'நோக்கு நுழைகல்லா நுண்மைய' என்கிறது. பாம்புச் சட்டை போன்ற துணி அது. நுண்மையில் பாராட்டு இருக்கிறது. நொய்மையில் பெரும்பாலும் இரக்கமோ இளப்பமோதான்.

சரி, உங்கள் வரிக்கு வருகிறேன். அவள் நிம்மதியாகிவிட்டாள் என்று மட்டும் சொல்வதானால் 'லேசான மனத்தோடு' போதும், நண்பர் சொன்னபடி மாற்றிவிடுங்கள். ஆனால் அழுது ஓய்ந்தவளின் மனம் பாரம் இறங்கியதாகவும், ஒரு சுடுசொல்லைக்கூடத் தாங்காததாகவும் இருக்குமே. அடுத்த பத்தியில் அவள் மறுபடி உடைகிறாள் என்றால், 'நொய்ய'வைத் தொடாதீர்கள்.