வீட்டில் இருந்துகொண்டு மடத்து ஒழுங்கு: கேள்வி பதில்

கேள்வி: விடியற்காலையில் எழுந்து செபிக்க நினைக்கிறேன். ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

பதில்: இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? அதைச் சொல்லவே இல்லையே. 6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி மடத்து வாழ்க்கைக்காக எழுதிய 'ஒழுங்கு' என்ற விதிநூலில்கூட, குளிர்காலத்தில் பாதி இரவுக்கும் சற்று அதிகமாகத் தூங்கி, சாப்பிட்டது செரித்த பிறகு எழுந்தால் போதும் என்றுதான் இருக்கிறது. இரவு செபத்துக்குப் பின் பேச்சு கூடாது என்பதும் அதில் உண்டு. உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு போனில் நடக்கிறது. போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள்.

கேள்வி: ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் தண்ணீர் மட்டும் குடித்து நோன்பு இருக்கலாமா?

பதில்: யாரிடம் கேட்டீர்கள்? தவக்கால ஒறுத்தல் எதுவானாலும் மடத்துத் தலைவரிடம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அது வீண்பெருமை என்கிறது ஒழுங்கின் 49-ஆம் அதிகாரம். ஆன்ம வழிகாட்டியிடமும் மருத்துவரிடமும் கேட்காமல் தொடங்காதீர்கள்.

கேள்வி: மதியமானால் வேலையும் பிடிக்கவில்லை, செபமும் பிடிக்கவில்லை. வேலையை மாற்றலாமா?

பதில்: இதை எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்து 399-இல் இறந்த எவாக்ரியுஸ் என்ற துறவி அப்படியே எழுதி வைத்திருக்கிறார். துறவி சன்னலையே பார்க்கிறார். சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே வந்து சூரியனை அண்ணாந்து பார்க்கிறார். யாராவது சகோதரர் வருகிறாரா என்று இப்படியும் அப்படியும் நோட்டம் விடுகிறார். அப்புறம் இந்த இடமே சரியில்லை, வேறெங்காவது போனால் பிழைப்பு சுலபம் என்று தோன்றுகிறது. 'நண்பகல் பேய்' என்று அவர் சொல்வது இதைத்தான். அறையை விட்டு நகராதே என்பது அவர் சொல்லும் மருந்து. வேலையை மாற்றுவதா என்பதை மதியத்தில் முடிவு செய்யாதீர்கள், காலையில் யோசியுங்கள். பல வாரமாக நாள் முழுக்க இப்படியே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: இஞ்ஞாசியாரின் ஆன்ம ஆய்வு பற்றி?

பதில்: அன்றைய நாளைக் கடவுள் முன் திரும்பிப் பார்க்கும் அந்தப் பயிற்சி, இஞ்ஞாசியார் நிறுவிய இயேசு சபையாரின் சொத்து. அவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: அதிகாலையில் எழ ஏதாவது வழி?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பிள்ளைகுட்டியோடு இருப்பவர்கள் துறவி வேடம் போடுவது நாடகம் இல்லையா? கீழ்ப்படிதல், பொதுச்சொத்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு இனிப்பான செபத்தை மட்டும் உருவிக்கொள்கிறீர்கள்.

பதில்: பாதி சரி. செபத்தை மட்டும் எடுப்பவர்களைப் பற்றி எனக்கும் இதே எரிச்சல்தான். ஆனால் பெனடிக்ட் கேட்கும் வாக்குறுதிகளில் ஒன்று நிலைத்திருத்தல்: இதே இடம், இதே ஆட்கள், கடைசிவரை. திருமணமானவருக்கு இதை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. மணியடித்தால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வா என்கிறது 43-ஆம் அதிகாரம். நள்ளிரவில் குழந்தை அழுதால் நீங்கள் செய்வதும் அதைத்தான்.

அதே நபர்: அப்படியானால் குடும்பமே போதுமே, மடத்தில் செபமாகச் சொல்லும் விவிலியத் திருப்பாடல்கள் எதற்கு?

பதில்: நல்ல கேள்வி. குழந்தைக்காக எழுந்தவர் முணுமுணுத்துக்கொண்டே எழலாம். முணுமுணுப்பைத்தான் பெனடிக்ட் திரும்பத் திரும்பக் கண்டிக்கிறார். திருப்பாடல்களில் கோபமும் புலம்பலும் நிறைய உண்டு, அவை கடவுளிடம் சொல்லப்பட்டவை. மடத்தில் 150-ஐயும் வாரத்துக்குள் முடிக்க வேண்டும். நீங்கள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று சொன்னால் போதும்.

இன்னொருவர்: ஒப்லேட் ஆவது என்றால்?

பதில்: ஒரு பெனடிக்ட் மடத்தோடு இணைந்து, தன் வாழ்க்கை நிலைக்கு ஏற்றபடி ஒழுங்கைக் கடைப்பிடிப்பதாக வாக்களிப்பது. வீட்டிலேயே இருக்கலாம். விவரத்தை அந்த மடத்தில் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு நேரமே இல்லை. ஒரே ஒரு செபம் சொல்லுங்கள்.

பதில்: 'கடவுளே, என்னை விடுவித்தருளும், ஆண்டவரே, எனக்குத் துணைசெய்ய விரைந்து வாரும்.' திருப்பாடல் 70-இன் தொடக்கம். சாப்பிடும்போதும், தூங்கப் போகும்போதும், சோதனை வரும்போதும் இதையே சொல்லச் சொல்கிறார் பழங்காலத் துறவி ஜான் காசியன்.

கேள்வி: நாற்பது நாளும் ஒருவேளை உணவு...

பதில்: யாரிடம் கேட்டீர்கள்?