பட்மின்டன் மண்டபத்தில் பிளாஷ் கூடாது: எந்த லென்ஸ் வாங்குவது?

கேள்வி: மகள் பாடசாலை அணிக்குப் பட்மின்டன் விளையாடுகிறாள். உள்ளரங்கில் பிளாஷ் போட விடுகிறார்கள் இல்லை. என்னிடம் நிக்கோன் டி3500, அதோடு வந்த 18-55 லென்ஸ். படம் ஒன்றில் இருட்டு, இல்லாவிட்டால் கை கால் எல்லாம் இழுபட்டுப் போகிறது. 70-300 லென்ஸ் வாங்கினால் சரிவரும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
(வாசகர் ஒருவர், சுன்னாகம்)

பதில்: வாங்காதீர்கள். 70-300 தூரத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவரும், வெளிச்சத்தைக் கொண்டுவராது. முழுதாக ஸூம் பண்ணினால் அதன் துவாரம் (வெளிச்சம் உள்ளே வரும் வாசல், எஃப் இலக்கம் கூடக்கூட அது சிறுக்கும்) எஃப்/5.6 அல்லது 6.3 தான். உங்களிடம் இருக்கும் லென்ஸும் அவ்வளவுதானே. நீளமான லென்ஸைக் காட்டி "இது ஸ்போர்ட்ஸுக்கு" என்று சொன்னால் சனம் நம்பிவிடும், அதுதான் கடைக்காரருக்கு வசதி. துரையப்பா மைதானத்தில் பகல் வெயிலில் ஓட்டப்போட்டி எடுப்பதென்றால் நானே வாங்கச் சொல்லுவேன்.

அடிக்கிற கை இழுபடாமல் இருக்க ஷட்டர் திறந்து மூடும் நேரம் 1/500 செக்கன் அல்லது அதிலும் குறைவாக இருக்க வேண்டும். எங்கள் பாடசாலை மண்டபங்களில் ஐ.எஸ்.ஓவை (கமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 3200 வைத்தாலும் எஃப்/5.6இல் பெரும்பாலும் 1/60ஐத் தாண்டாது. அதே இடத்தில் எஃப்/2 என்றால் எட்டு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும், 1/500 கிடைத்துவிடும். ஆகவே உங்களுக்கு வேண்டியது ஸூம் இல்லாத 50 எம்எம் எஃப்/1.8. சின்ன லென்ஸ், விலையும் குறைவு. கமராவை நிமிர்த்திப் பிடித்தால் பத்து மீற்றர் தூரத்தில் நாலரை மீற்றர் உயரம் வரை படத்தில் அடங்கும். பாய்ந்து அடிக்கும் பிள்ளைக்கு அது தாராளம்.

இதில்தான் பொறி இருக்கிறது. பாவித்த லென்ஸ் விற்பவர்கள் மலிவாக ஒரு 50 எம்எம் 1.8 காட்டுவார்கள். எழுத்தைப் பாருங்கள். 1.8டி என்றிருந்தால் உங்கள் கமராவில் ஓட்டோ போகஸ் வேலை செய்யாது. அந்த லென்ஸுக்குள் மோட்டர் இல்லை, கமராதான் திருப்ப வேண்டும். டி7000 வரிசைக் கமராக்களில் அதற்கு மோட்டர் உண்டு, டி3000, டி5000 வரிசைகளில் இல்லை. லென்ஸ் பூட்டுப்படும், படமும் எடுபடும், அதனால் கடையில் வைத்துக் கண்டுபிடிக்க மாட்டீர்கள். லென்ஸின் உடம்பில் அப்பச்சர் (துவார) இலக்கங்களோடு ஒரு வளையம் இருந்தால் அது டி. உங்களுக்குப் பொருந்துவது ஏஎஃப்-எஸ் 1.8ஜி, அதில் அந்த வளையம் இராது. கனடாவில் இருந்து யாரும் கொண்டுவந்து தருவதானாலும் இந்தப் பெயரை முழுதாக எழுதி அனுப்புங்கள், "50 லென்ஸ்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பாவித்ததென்றால் பின்பக்கத்தால் ரோர்ச் அடித்துப் பூஞ்சணம் இருக்கிறதா பாருங்கள். உங்கள் கமராவில் பூட்டிப் பார்க்க விடாதவரிடம் காசு கொடுக்க வேண்டாம்.

செட்டிங் சுலபம். எம் மோட் (எல்லாவற்றையும் நீங்களே வைப்பது), 1/500, எஃப்/2, ஐ.எஸ்.ஓ 3200, இருட்டென்றால் 6400. போகஸ் ஏஎஃப்-சி (ஓடும் ஆளை விடாமல் தொடர்வது), நடுவில் உள்ள போகஸ் புள்ளி மட்டும். ஐ.எஸ்.ஓ கூடியதால் படம் பொரிபொரியாக வந்தால் வரட்டும், இழுபட்ட முகத்தைத்தான் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது மங்கலாகவும் வந்தால் கமராவைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பழைய ரியூப் லைட் செக்கனுக்கு 100 தடவை மங்கி எரியும், 1/500இல் அதில் ஒரு துண்டுதான் படத்தில் விழும். ஒரே மூச்சில் நாலைந்து படம் எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதம விருந்தினர் பேசும்போது மண்டபத்தில் எல்லா லைட்டும் எரியும். ஆட்டம் தொடங்கியதும் பாதியை அணைத்துவிடுவார்கள், கேட்டால் கரண்ட் பில். அண்ணாந்து பார்த்து அடிக்க வேண்டிய பிள்ளைகளுக்கு எது முக்கியம் என்று இவர்களுக்கு யார் சொல்வது! பிளாஷ் தடை நியாயம்தான், கண்ணில் அடித்தால் பந்து தெரியாது. ஆனால் கமராக்காரரை மறிப்பவர்கள் ஃபோன் பிளாஷைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள். போட்டிக்கு முதல் நாளே பொறுப்பாசிரியரைப் பிடித்து, எல்லா லைட்டையும் போடவும் கோர்ட் ஓரத்தில் இருக்கவும் கேளுங்கள்.

18-55ஐ விற்றுவிடாதீர்கள். பரிசளிப்பில் பிளாஷ் போட ஒருவரும் தடுப்பதில்லை, அதற்கு அதுவே போதும்.